நிற்கிற வண்டி

பஸ்ஸில் இருப்பவருக்கு விற்க வேண்டுமென்றால் கையை உயர்த்த வேண்டும். காரில் இருப்பவருக்கு விற்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். என் அத்தைக்கு இடுப்புவலி வந்தது குனியத் தொடங்கிய பிறகுதான். வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். அத்தை அதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. “பஸ்ஸும் லாரியும் ஓடிய வரைக்கும் எனக்கு ஒரு நோவும் இல்லை கண்ணு. இந்தக் கார்கள்தான் என் இடுப்பை ஒடித்தன” என்பார்.

இதை வெறும் பேச்சு என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். சாலையை வண்டி ஓட்டுகிறவன் கண்ணாடி வழியாகப் பார்க்கிறான். பொறியாளர் வரைபடத்தில் பார்க்கிறார். அத்தை முப்பது வருடமாக ஜன்னலின் உயரத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். எங்கள் ஊர்ச் சாலைக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், நான் முதலில் அத்தையிடம்தான் அனுப்புவேன்.

எங்கள் ஊர் அயோத்தியாப்பட்டணத்துக்கும் வாழப்பாடிக்கும் இடையில் இருக்கிறது. பெயர் சொன்னால் தெரியாது. பஸ்ஸில் கண்டக்டரிடம் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்குவோம். சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை வரை போகும் 136 கிலோமீட்டர் சாலை எங்கள் வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. முன்பு அது தேசிய நெடுஞ்சாலை 68. 2010-இல் நாடு முழுவதும் எண்களை மாற்றியபோது 79 ஆனது. சேலத்துக்காரர்களுக்கு அது ஆத்தூர் ரோடு. எங்களுக்கு மெயின் ரோடு. அவ்வளவுதான், வேறு ரோடு இருந்தால்தானே பெயர் வேண்டும்.

அந்தச் சாலையில் எங்களுக்குச் சோறு போட்டது ஒரு ரயில்வே கேட். சேலம் – விருத்தாசலம் பாதை அப்போது மீட்டர் கேஜ். ஒரு நாளைக்கு நாலைந்து முறைதான் கேட் மூடும். ஆனால் மூடினால் சீக்கிரத்தில் திறக்காது. கேட்கீப்பர் அறையில் போன் மணி அடிக்கும் சத்தம்தான் எங்களுக்கு அறிகுறி. அது கேட்டதும் சாலையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து சேலையைச் சொருகிக்கொள்வார்கள். கேட் இறங்குவதற்குள் தட்டுகள் தலைக்கு ஏறிவிடும்.

சித்திரையிலிருந்து ஆனி வரை மாம்பழம். குண்டு, செந்தூரா, கிளிமூக்கு, பெயரிலேயே சாலையை வைத்துக்கொண்டிருக்கும் நடுசாலை. மல்கோவாவைத் தட்டில் வைத்துக் கூவி விற்க முடியாது; விலை கேட்டதும் ஜன்னலில் இருக்கிற தலை உள்ளே போய்விடும். காயைக் கீற்றுப் போட்டு உப்பும் மிளகாய்த்தூளும் தடவினால் பஸ் மொத்தமும் வாங்கும். மற்ற மாதங்களில் வேகவைத்த கடலை, வெள்ளரிப் பிஞ்சு, கொய்யா. கடலைக்குக் கூம்பு சுற்றுவது என் வேலை. என்னுடைய மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு முழுவதும் அப்படித்தான் ஊர் ஊராகப் போனது. தப்புக் கணக்குகள்தான் பெரும்பாலும், போனதில் வருத்தமில்லை.

விற்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. கேட் மூடிய உடனே கூட்டத்தின் முன்னால் போய் விற்கக் கூடாது. முன்னால் நிற்கிற டிரைவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருப்பான், வாங்க மாட்டான். பின்னால் வந்து சேர்கிற வண்டிக்காரன்தான், இனிமேல் நேரமாகும் என்று மனதை விட்டுவிட்டு இறங்குவான். ஆகவே அத்தை கடைசியிலிருந்து முன்னோக்கி வருவார். ரயில் கடந்து, கேட் தூக்கி, வண்டிகள் உறுமத் தொடங்கும்போது கடைசி ஐந்து நிமிட வியாபாரம் முன்வரிசையில் நடக்கும். சில்லறை வாங்க பஸ்ஸோடு ஓட வேண்டும். காசை எறிந்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். கொடுக்காமல் போனவர்களை அத்தை இன்னும் நினைவு வைத்திருக்கிறார் என்பது வேறு விஷயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தையின் கணவர் லாரி டிரைவர்.

மாமா ஆத்தூர்ப் பக்கத்து ஆலைகளிலிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரத்துக்குப் போவார். நம் ஊரில் பாயசத்துக்கு ஒரு பிடி போடுவதோடு சரி; அங்கே விரத நாட்களில் அதுதான் சாப்பாடு. நவராத்திரிக்கு முன்னால் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்றால் சேர வேண்டும். திரும்பும்போது நாசிக் வெங்காயம். வெங்காயம் அழுகும், டிரைவரின் கணக்கில் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு மூட்டை. அவருக்கு உலகத்திலேயே பிடிக்காத பொருள் மூடியிருக்கும் ரயில்வே கேட். அதிலும் தன் சொந்த ஊரின் கேட்.

ஆக, ஒரே வீட்டில் ஒருவருக்கு வண்டி நின்றால் வருமானம், இன்னொருவருக்கு நின்றால் நஷ்டம். இரவில் இதைப் பற்றிச் சண்டையே நடக்கும். “கேட்டை எடுத்துவிட்டுப் பாலம் கட்டினால்தான் இந்த ஊர் உருப்படும்” என்பார் மாமா. “பாலம் கட்டினால் உன் பிள்ளைக்கு யார் ஃபீஸ் கட்டுவது?” என்பார் அத்தை. மாமா கேட்டில் மாட்டிக்கொண்ட நாட்களில் அத்தை அவருடைய லாரிக்கும் போவார். கட்டிய கணவன் என்று கடலையைச் சும்மா கொடுத்ததில்லை. அவரும் கிளீனரிடம் சொல்லி, காசு கொடுத்துத்தான் வாங்குவார். ஊரே பார்த்துச் சிரிக்கும்.

மாமா தானாகச் சாலையில் நிறுத்தும் இடம் ஒன்றே ஒன்றுதான்: முத்தம்பட்டி ஆஞ்சநேயர் கோயில். அங்கே லாரியை நிறுத்திக் கும்பிடாமல் போகும் டிரைவர் எங்கள் பக்கத்தில் இல்லை. அதையும் இஞ்சினை அணைக்காமல் செய்வார்.

புளியமரங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய சாலையின் இரண்டு பக்கமும் புளியமரங்கள். அடிமரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை, பட்டையின் மேல் எண். எங்கள் வீட்டுக்கு எதிரில் நின்றது 112. கேட்டில் வண்டிகள் எவ்வளவு தூரம் நின்றன என்பதை நாங்கள் மீட்டரில் சொன்னதில்லை. “இன்றைக்கு 118 வரைக்கும் நின்றது” என்றால் சுமாரான வியாபாரம். “130 தாண்டிவிட்டது” என்றால் வீட்டில் கறிக்குழம்பு.

அந்த எண்கள் எங்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. அவை ஏலத்துக்கானவை. மரங்களின் மகசூலை வருடாவருடம் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்த வியாபாரி மாசியில் ஆட்களோடு வருவார். ஓர் ஆள் மேலே ஏறிக் கிளையை உலுக்குவான், கீழே இருப்பவர்கள் துறட்டியால் இழுப்பார்கள். தார்ப்பாய் விரித்திருந்தாலும் பாதி சாலையில்தான் விழும். பஸ் சக்கரம் ஏறிய புளி தாரோடு ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டித் தின்னும் உரிமை எங்களைப் போன்ற சிறுவர்களுக்கு. பிறகு ஒரு மாதத்துக்கு ஊர்த் திண்ணை எல்லாவற்றிலும் புளி. ஓட்டை உடைத்து, நாரை உருவி, ஒரு கல்லின் மேல் வைத்துச் சின்ன இரும்புக் கம்பியால் ஒரு தட்டு. கொட்டை தனியாகத் தெறிக்க வேண்டும், சதை நசுங்கக் கூடாது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கொட்டைக்கும் ஆள் வந்து எடை போட்டு வாங்கிப் போவான். கை வெந்துபோகும். விரல் நுனிகள் பங்குனி முடியும் வரை வெளுத்தே இருக்கும்.

சாலை என்பது வண்டி போகும் இடம் மட்டுமல்ல, அறுவடை உள்ள இடமும்கூட என்று நான் தெரிந்துகொண்டது இந்தத் திண்ணைகளில்தான். இப்போதைய சாலையில் நடுத்திட்டில் அரளி வைத்திருக்கிறார்கள். ஆடுகூடத் தின்னாது.

நான்கு வழிச்சாலை வேலை தொடங்கியபோது நான் கல்லூரியில் இருந்தேன். ஒரு விடுமுறைக்கு வந்தபோது 112 நின்றது. அடுத்த விடுமுறைக்கு இல்லை. அந்த இடத்தில் வெயில் நின்றது. எங்கள் வீட்டுக்குள் மதிய வெயில் வரும் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். வாசலில் முன்பகுதியும் கிணற்றடியும் போயின. இழப்பீடு வந்தது, அதில் அக்கா கல்யாணம் நடந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது நடுத்திட்டை. எங்கள் வீடு சாலைக்கு வடக்கே; மேட்டுக்காடும் கொட்டாயும் தெற்கே. முன்பு மாட்டை ஓட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்துவிடுவோம். இப்போது அந்தப் பக்கம் போக, வண்டி திரும்பும் இடைவெளி வரை போய் வளைந்து வர வேண்டும். குச்சிக்கிழங்கு ஏற்றிய மொபெட்டை யார் அவ்வளவு தூரம் ஓட்டுவார்கள்? ஆகவே எல்லோரும் சாலை ஓரமாக எதிர்த்திசையில் வருகிறார்கள். நானும் வந்திருக்கிறேன். மாடுகள் குறைந்துபோனதற்குத் தீவன விலையைக் காரணம் சொல்கிறார்கள்; பாதிக் காரணம் இந்தத் திட்டு. எங்கள் தெருவில் பால் ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர், விடியற்காலையில், கேனோடு. அதற்கு மேல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஊர்களைச் சுற்றிப்போன புறவழிச் சாலைகளின் கதை வேறு விதம். நெடுஞ்சாலை நான்கு வழி. ஆனால் வாழப்பாடி, ஆத்தூர் போன்ற இடங்களில் ஊரைத் தவிர்த்துப் போகும் பகுதியை இரண்டு வழியாகவே போட்டார்கள். விரைந்து வந்த வண்டி திடீரென்று ஒடுங்கிய சாலையில் எதிர் வண்டியைச் சந்திக்கும். அகலப்படுத்துங்கள் என்று மக்கள் எத்தனை முறை மறியல் செய்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. பணத்தை மிச்சம் பிடிக்கும்போது எப்போதும் ஊரின் பக்கத்திலேயே பிடிப்பது என்ன வழக்கமோ.

வாழப்பாடிக் கடைத்தெருவில், பழைய சாலையைப் பார்த்துத் திறந்திருந்த டீக்கடைகள் ஒன்றிரண்டு என்ன ஆயின என்று பார்த்திருக்கிறேன். ராத்திரி முழுவதும் பால் கொதித்துக்கொண்டிருந்த கடைகள். சாலை ஊரை விட்டு விலகியதும் ஒன்பது மணிக்கு ஷட்டர் இறங்கிவிடுகிறது. ஊர் அமைதியாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில் லாரிகள் இல்லை, தூசி இல்லை, பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். டீக்கடைக்காரரின் பேரன்கூட அந்த சைக்கிளில்தான் போகிறான்.

புறவழிச் சாலையின் தயவை நானும் அனுபவித்திருக்கிறேன். ஒருமுறை சென்னையிலிருந்து இரவு பஸ். ஆத்தூரில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போக வேண்டும். ஊருக்குள் போகும் என்று சொல்லித்தான் டிக்கெட் கொடுத்தார்கள். இரண்டு மணிக்கு எழுப்பி, புறவழிச் சாலையில் இறக்கிவிட்டார்கள். சுற்றிலும் இருட்டு, மக்காச்சோளக் காடு, தூரத்தில் ஊரின் வெளிச்சம். அந்த வெளிச்சம் முன்பு நான் தூங்கிக்கொண்டே கடந்துபோன வெளிச்சம். பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தபோது நாய்கள் மட்டும் வரவேற்றன. அந்தக் காலத்தில் ‘பைபாஸ் ரைடர்’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டு ஓடிய அரசு பஸ்களைப் பார்த்து நாங்கள் பெருமைப்பட்டிருக்கிறோம். எந்த ஊரையும் தொடாமல் போவதே ஒரு தகுதி என்று யாரோ நம்மை நம்பவைத்திருக்கிறார்கள்.

மீட்டர் கேஜ் அகலப் பாதையானது. கேட் இருந்த இடத்தில் மேம்பாலம் வந்தது. மாமா கேட்ட பாலம். முதல் நாள் அதன் மேல் லாரியை ஓட்டிப் போனபோது ஹாரனை அழுத்திக்கொண்டே போனார் என்று அத்தை சொல்வார். கீழே தட்டோடு நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஆனால் சாலை ஒரு கேட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு கேட்டைக் கொடுத்தது. டோல்கேட்.

சேலம் – உளுந்தூர்ப்பேட்டை சாலையில் மேட்டுப்பட்டி, நத்தக்கரை, வீரசோழபுரம் என்று மூன்று சுங்கச்சாவடிகள். அத்தையும் அவர் கூட்டத்துப் பெண்களும் அவற்றில் ஒன்றுக்கு இடம் மாறினார்கள். எது என்று சொல்ல வேண்டாம். அங்கே ரயில் நேரம் பார்க்க வேண்டியதில்லை. வண்டிகள் இருபத்துநாலு மணி நேரமும் நிற்கும். ஒருவர் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் போதும், பின்னால் பத்து வண்டிகள் சேரும். சில்லறைத் தட்டுப்பாடுதான் அத்தையின் மூலதனம். வரிசையில் நிற்கிறவர் சாவடியில் கொடுக்கச் சில்லறை வேண்டும் என்பதற்காகவே ஒரு பொட்டலம் வெள்ளரிக்காய் வாங்குவார். கேட் காலத்தில் கற்ற பாடம் இங்கே செல்லாது. இங்கே வரிசையின் நடுவில்தான் விற்க வேண்டும். முன்னால் இருப்பவர் பணம் எண்ணிக்கொண்டிருப்பார், பின்னால் இருப்பவர் எந்த வரிசை சீக்கிரம் நகரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

கஷ்டம் ஒன்றுதான்: கார்கள். கண்ணாடி ஏற்றியிருக்கும், உள்ளே ஏசி. தட்டைக் கண்ணாடிக்கு நேராகக் காட்ட வேண்டும் என்றால் குனிந்து நிற்க வேண்டும். கூவினால் கேட்காது. வியாபாரம் ஊமைப் பாஷையாக மாறியது. இரண்டு விரல், மூன்று விரல், தலையாட்டல். இருபது வருடம் குரலை வைத்துப் பிழைத்தவருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. இடுப்பைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

2016 நவம்பரில் பழைய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, நாடெங்கும் தேசிய நெடுஞ்சாலைகளில் டிசம்பர் 2 வரை சுங்கக் கட்டணத்தை நிறுத்திவைத்தார்கள். வண்டிகள் நிற்காமல் போயின. மூன்று வாரம் அத்தை தட்டோடு நின்று போகிற வண்டிகளைப் பார்த்தார். அது ஒத்திகை என்று யாருக்கும் தெரியாது. 2021 பிப்ரவரி நடுவில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. இல்லாத வண்டிக்கு அப்போது இரட்டிப்புக் கட்டணம். கண்ணாடியில் ஒட்டிய ஒரு சின்ன அட்டை, மேலே ஒரு கருவி, ஒரு ‘பீப்’. தடுப்புக் கட்டை தூக்கி முடிப்பதற்குள் வண்டி போய்விடுகிறது.

நான் மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து காரில் ஊருக்கு வருகிறேன். சுமார் 340 கிலோமீட்டர். ஒவ்வொரு சாவடியிலும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறேன். கருவி படிக்காமல் அரை நிமிடம் தாமதமானால் எரிச்சல் வருகிறது. அத்தையின் மருமகனாகிய எனக்கே வருகிறது. இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

சாலையால் பிழைத்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சங்ககிரிக்கும் நாமக்கல்லுக்கும் போய்ப் பாருங்கள். லாரி வாங்கியவர், லாரிக்குக் கூண்டு கட்டுகிறவர், டயரை ரீட்ரெட் செய்கிறவர், ஆபீஸ் போட்டு லோடு பிடித்துக் கொடுப்பவர் என்று ஊரே சக்கரத்தின் மேல் நிற்கிறது. பழைய ஏழாம் எண், இப்போதைய 44, காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிற சாலை. அதோடு கொச்சி பக்கம் பிரிகிற 544. சேலத்தைச் சுற்றி இவை முடிச்சுப் போட்டிருக்காவிட்டால் இத்தனை லாரிகள் ஏது? எங்கள் பக்கத்திலும் தலைவாசல் காய்கறிச் சந்தை நெடுஞ்சாலையை ஒட்டியே வளர்ந்தது. விடியற்காலையில் அங்கே நின்றால், கத்தரிக்காய்க்கும் தக்காளிக்கும் சாலை என்ன செய்திருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சேலம் நகரத்துக்குள் ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் 2020-இல் திறந்தார்கள். அதற்குக் கீழே இருக்கும் கடைக்காரர்களைக் கேட்டால் ஒரு கதை, மேலே போகிறவர்களைக் கேட்டால் ஒரு கதை.

ஆனால் நிற்காமல் ஓடியதில் லாரிக்காரர்கள் எல்லோரும் ஜெயித்துவிட்டார்கள் என்று மாமாவிடம் சொல்லிப் பாருங்கள். அவர் ஓய்வு பெற்ற பிறகு, ஒருநாள் திண்ணையில் சொன்னார்: பழைய சாலையில் தூக்கம் வந்தால் புளியமரத்து நிழலில் ஒதுக்கிவிட்டு, வண்டிக்குக் கீழே துண்டை விரிப்பார்களாம். “நான்கு வழியில் எங்கே ஒதுங்குவது? வெயில். ஓரத்தில் நிறுத்தினால் பின்னால் வருகிறவன் ஏற்றிவிடுவான்.” அவருடைய சிநேகிதர் ஒருவர் அப்படித்தான் போனார், பஞ்சராகி நின்ற வண்டியின் பின்னால் இன்னொரு லாரி. தொப்பூர்க் கணவாயைப் பற்றிக் கேட்டால் தலையை ஆட்டுவார். நீண்ட இறக்கம், டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறி, இரட்டைப் பாலத்தருகே போய் விழுந்த வண்டிகள். “ஓட்டு, ஓட்டு என்று அவசரப்படுத்தினவர்கள் யாரும் அந்த இறக்கத்தில் வண்டிக்குள் இல்லை” என்றார். கேட்டை அவ்வளவு திட்டிய மனிதர்.

2018-இல் சேலத்திலிருந்து சென்னைக்கு எட்டு வழிப் பசுமைச் சாலை என்று அறிவித்தார்கள். 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய். குப்பனூர், ஆச்சாங்குட்டப்பட்டி, பூலாவரி என்று எங்களுக்குத் தெரிந்த ஊர்ப்பெயர்கள் செய்தித்தாளில் வரத் தொடங்கின. போலீஸ் பாதுகாப்போடு அளந்து, கல் நட்டார்கள். அத்தை பிறந்த வழியில் ஒரு பங்காளிக்குக் குப்பனூர்ப் பக்கம் தென்னந்தோப்பும் கொஞ்சம் மாமரங்களும். அங்கேயும் ஒரு கல். நானும் மாமாவும் அத்தையும் பார்க்கப் போனோம்.

கல்லின் மேல் எண் எழுதியிருந்தது. அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏலம் விடுவார்களா?” என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

தோப்புக்காரர் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். சென்னைக்குப் போகும் நேரம் பாதியாகக் குறையும் என்று அதிகாரிகள் சொன்னதை அவரே எங்களுக்கும் சொன்னார். அவர் வாழ்நாளில் சென்னைக்குப் போனது இரண்டு தடவை. மாமா, சாலைக்காரர் அல்லவா, நுணுக்கமாகக் கேட்டார்: இதில் ஏறுகிற வழி எங்கே, இறங்குகிற வழி எங்கே? எல்லா இடத்திலும் ஏற முடியாது, குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான் என்று பதில். இரண்டு பக்கமும் தடுப்பு. மாமா இளநீரைக் கீழே வைத்துவிட்டார். “அப்படியென்றால் இது ரோடு இல்லை. தண்டவாளம்” என்றார்.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. நில எடுப்பு அறிவிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், சாலை அறிவிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் மாற்றிய நிலப் பதிவுகளைப் பழைய உரிமையாளர்களின் பெயருக்கே திருப்ப வேண்டும் என்றது. தோப்பு இருக்கிறது. கல்லை யாரோ பிடுங்கி, மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அதன் மேல் உட்கார்ந்து துணி துவைக்கலாம். எண் கொஞ்சம் மங்கிவிட்டது.

அந்தக் கல்லைப் பார்க்கப் போனதுதான் அத்தைக்குப் புது இடத்தைக் காட்டியது. ஏற்காட்டுக்கு இரண்டு வழி. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுவது ஒன்று. கொட்டச்சேடு வழியாகக் குப்பனூரில் இறங்குவது இன்னொன்று. மே மாதக் கோடை விழா நாட்களில் நெரிசலுக்குப் பயந்து, அடிவாரம் வழியாக ஏறு, குப்பனூர் வழியாக இறங்கு என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். அதாவது சேர்வராயன் மலையைப் பார்த்துவிட்டு வருகிற கூட்டம் மொத்தமும், மாம்பழக் காலத்தின் உச்சத்தில், தோப்புக்காரர் வீட்டு வழியாக இறங்கும். பிரேக் பிடித்துப் பிடித்து, காது அடைத்து, பிள்ளைகள் வாந்தி எடுத்து, சமவெளி வந்ததும் முதலில் தெரிகிற நிழலில் நிறுத்துவார்கள். அந்த நிழல் இவர்களுடைய வேலியோரப் புளியமரம்.

அத்தை அங்கே கட்டில் போட்டுக் கடை வைத்திருக்கிறார். குனிய வேண்டியதில்லை. வருகிறவர்கள் காரை விட்டு இறங்கி, சோம்பல் முறித்து, அவரிடம் நடந்து வருகிறார்கள். பழத்தை முகர்ந்து பார்க்கிறார்கள். விலை கேட்டுச் சண்டை போடுகிறார்கள். குரல் திரும்பிவிட்டது. இடுப்புவலி குறைந்திருக்கிறதா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறார். கார்களின் மேல் சுமத்திய குற்றத்தை வாபஸ் வாங்க மனமில்லை.

போன ஆனியில் நான் போனபோது கோடை விழாக் கூட்டம் ஓய்ந்திருந்தது. சாதாரண நாள். கால் மணிக்கு ஒரு வண்டி. மாமா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து செந்தூராக்களைப் பழுத்தது, பழுக்காதது என்று பிரித்துக்கொண்டிருந்தார். கார் சத்தம் கேட்டால் ஒரு பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து சாலையோரம் போய் நிற்கிறார். நாற்பது வருடம் எந்தக் கைக்கும் நிற்காத மனிதர் அந்தக் கையை நீட்டுவதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இரண்டு கார்கள் போயின. மூன்றாவது கொஞ்சம் தாண்டிப் போய், நின்று, பின்னோக்கி வந்தது. ஒரு கிலோ வாங்கினார்கள்.

மலைப்பக்கத்திலிருந்து கனமான வண்டிச் சத்தம் கேட்டது. ஜல்லி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் டிப்பர் லாரி. மாமா எழுந்திருக்கவில்லை என்று பார்த்துவிட்டு, உதவியாக இருக்கட்டும் என்று நான் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு போய்க் கையை உயர்த்தினேன்.

“லாரிக்குக் கை காட்டாதே தம்பி” என்றார் மாமா, பழங்களிலிருந்து தலையைத் தூக்காமல். “அவனுக்கு நேரமாகிவிடும்.”